நாவல்பழக் கறை

எங்கள் வீட்டில் எல்லோரும் வாளப்பளம் தின்போம். பெரியத்தை மட்டும் வாழைப்பழம் தின்பாள்.

செங்கோட்டையில் பிறந்து செங்கோட்டையிலேயே வளர்ந்தவள்தான். ஆனால் அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. எட்டாம் வகுப்பு வரை தமிழோடு மலையாளமும் படித்தாள். 1956 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் ஊரோடு தாலுகாவின் ஒரு பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. கல்யாணமாகி, புருஷனைப் பறிகொடுத்து, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். அதற்குப் பிறகு மலையாளம் பேச அவளுக்கு ஆள் இல்லை. ஆரியங்காவிலிருந்து மிளகு கொண்டுவரும் கிழவர் ஒருவர் வந்தால் திண்ணையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவாள். நான் "மளை வருது அத்தை" என்று ஓடிவந்தால், "மலையா மழையா, எது வருது? ஒழுங்காச் சொல்லிட்டு உள்ள வா" என்று நடையிலேயே நிறுத்திவிடுவாள். நனைந்துகொண்டே 'ழ' சொல்லிப் பழகியவன் நான்.

1992 ஆடியில் ஒரு நாள் மத்தியானம். சாரல் பொழிந்துகொண்டிருந்தது, கரண்ட் இல்லை. டிகிரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாட்கள் அவை. வீட்டில் எந்த வேலைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரியத்தை மேல் செட்டுப் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மக்கா, மேல்வாயில என்னமோ ஒட்டியிருக்காப்ல இருக்கு, டார்ச் அடிச்சுப் பாரு" என்றாள். கறிவேப்பிலைத் துணுக்கு ஒன்று ஈறில் ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு டார்ச்சை இடப்பக்கம் திருப்பினேன். மேல்வாயில், செட்டு உட்காரும் இடத்தில், சுண்டுவிரல் நகத்தளவு கறுப்பாக ஒன்று.

"அத்தை, மை தொட்ட மாதிரி கறுப்பா இருக்கே."

"நாவல்பழம்லா தின்னேன். அந்தக் கறை" என்றாள்.

உண்மைதான், தின்றிருந்தாள். நாக்கும் கருநீலமாக இருந்தது. நான் டார்ச்சை அணைத்துவிட்டேன். நாக்கின் கறை மறுநாளே போயிருக்கும். மேல்வாயில் இருந்தது போயிற்றா என்று நான் திரும்பப் பார்க்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

பெரியத்தை வெற்றிலை போடுகிறவள். காலையில் காப்பி குடித்ததும் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆச்சி வந்தால் கணக்கே கிடையாது. பாக்கு, சுண்ணாம்பு, கிள்ளி வைத்த புகையிலை. மர நாற்காலிக்குக் கீழே, துப்புவதற்குப் பித்தளைக் கோளாம்பி. அவள் வாய் எப்போதும் சிவப்பும் கறுப்பும் கலந்த ஒரு நிறமாகவே இருக்கும். போதாததற்கு நம்மவர்கள் ஈறே பாதிப் பேருக்குக் கறுப்பு. கறுப்பு ஈறு அழகு என்று சொல்லும் கிழவிகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். இப்படிப்பட்ட வாயில் புதிதாக ஒரு கறுப்பு வந்து உட்கார்ந்தால் யார் கண்டார்கள்?

தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்த அந்த நவம்பர் கழிந்து, மார்கழி வாக்கில் செட்டு ஆடத் தொடங்கியது. நான்கு வருஷமாகக் கச்சிதமாக உட்கார்ந்திருந்த செட்டு. முறுக்கு கடித்தால் ஒரு பக்கம் தூக்குகிறது என்றாள். செட்டுக் கட்டிக் கொடுத்தவரிடம் கூட்டிப்போனேன். அவர் பெயரும் ஊரும் வேண்டாம், இப்போது அவர் இல்லை. நல்ல மனுஷர், காசுக்கு ஆலாய்ப் பறக்காதவர். செட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் இடது ஓரத்தைச் சின்ன மெஷினில் தேய்த்துக் கொடுத்தார். சரியாகிவிட்டது. ஒரு மாதத்தில் மறுபடி ஆடியது. மறுபடி தேய்த்தார். செட்டை அத்தனை உன்னிப்பாகப் பார்த்தவர் அது உட்காரும் இடத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் செட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒன்று மேடாக வளர்ந்து வந்ததால்தான் செட்டு தூக்கிற்று. அது வளர வளர நாங்கள் அதற்கு இடம் விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாசி மாதம் எச்சிலில் லேசாக ரத்தம் தெரிந்தது. வெற்றிலைச் சிவப்பில் ரத்தத்தை அடையாளம் கண்டவள் என் அம்மா. காலையில் பல் விளக்கும்போதே சிவப்பாக இருக்கிறது, இன்னும் முதல் வெற்றிலையே போடவில்லையே என்று கேட்டாள். ஒரு டாக்டரிடம் போனோம். வாயைத் திறக்கச் சொல்லி ஒரு பார்வை பார்த்தார். "வெத்திலையை விடுங்க, புண்ணாக்கிருச்சு" என்று சொல்லி ஊதா மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் வாய்ப்புண் என்றால் அதுதான். பஞ்சில் தொட்டு மூன்று வேளை தடவினோம். இரண்டு மாதம் பெரியத்தையின் மேல்வாய் முழுக்க ஊதா. யார் எட்டிப் பார்த்திருந்தாலும் ஊதாவைத்தான் பார்த்திருப்பார்கள்.

நாவல்பழம், வெற்றிலை, செட்டு உரசல், ஊதா மருந்து. ஒவ்வொரு தடவையும் கைவசம் ஒரு காரணம் இருந்தது. எல்லாமே நியாயமான காரணங்கள்.

வெற்றிலையை அன்றே விட்டாள். நாற்பது வருஷப் பழக்கம். பக்கத்து வீட்டு ஆச்சி வெற்றிலைச் செல்லத்தோடு வந்து உட்கார்ந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

1993 சித்திரையில், தென்காசியில் புதிதாகப் பல் மருத்துவம் பார்க்க வந்திருந்த ஒரு பெண் டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனாள், நானும் போனேன். அதுவும் செட்டுக்காகத்தான்; இந்தச் செட்டு உதவாது, புதுசு கட்டிவிடலாம் என்று. அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். செட்டை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் உப்புத்தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னார். ஈரப் பஞ்சால் ஊதாவைத் துடைத்தார். விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

வெளியே வந்து என்னிடம் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நம் ஈறில் இருக்கும் பிறவிக் கறுப்பு இரண்டு பக்கமும் ஒத்திருக்கும், தட்டையாக இருக்கும், வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். இது ஒரு பக்கம் மட்டும். ஓரம் கந்தலாக இருக்கிறது. ஒரே கறுப்பும் இல்லை, பழுப்பு, கரி, சிலேட்டு நீலம் என்று மூன்று நிறம். நடுவில் மேடு. பக்கத்தில் தெறித்தாற்போல இரண்டு சின்னப் புள்ளிகள். வெள்ளி அடைத்த பல் பக்கத்தில் இருந்தால் அந்த உலோகம் சதைக்குள் இறங்கிக் கறுப்பாகத் தெரியலாம்; அத்தைக்கு மேலே பல்லே இல்லை. மலேரியா மாத்திரை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு மேல்வாய் கறுத்துப்போகும், அதுவும் இல்லை. "எப்போ முதல்ல பாத்தீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். "ஆடி மாசம்" என்று மட்டும் சொன்னேன். நாவல்பழத்தைச் சொல்லவில்லை.

தானே துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம், ஆனால் அடுத்து செய்ய வேண்டியதையும் செய்யக்கூடிய இடத்தில் எடுப்பதுதான் நல்லது என்று சொல்லி, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அதை ஆர்.சி.சி. என்றுதான் சொல்வார்கள். 1981இல் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே தொடங்கியது. சென்னை அடையாறு ஆஸ்பத்திரிக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். திருவனந்தபுரம் மலைக்கு அந்தப் பக்கம். செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர்க்காரர்கள் இன்றைக்கும் பெரிய நோய் என்றால் மலையேறித்தான் போகிறார்கள். ராஜ்ஜியம் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி பழைய வழிதான்.

வீட்டில் கூட்டம் கூடியது. "கத்தி பட்டா பரவிரும்" என்றார் ஒரு சித்தப்பா. சதை எடுத்துப் பார்ப்பதாலேயே நோய் உடம்பெல்லாம் ஓடிவிடும் என்ற பயம் எங்கள் ஊரில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அது அப்படியில்லை, எடுத்துப் பார்க்காமல் இன்ன நோய் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. முடிவு செய்தது பெரியத்தையே. "திருவனந்தபுரம் பாத்து எத்தனை வருஷமாச்சு. போயிட்டு வாரேன்" என்றாள்.

புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு. ரயிலில் போக ஆசைதான் அவளுக்கு. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தை ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். ஆனால் மீட்டர்கேஜ் வண்டி மெதுவாகக் கொல்லம் போய்ச் சேர்ந்து, அங்கே இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். ஆகவே பஸ். வழி நெடுக ஊர்ப் பலகைகளை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தாள். குளத்துப்புழை என்று அவள் சொன்ன சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

ஆர்.சி.சி. வராந்தாவில் பாதிக்கூட்டம் தமிழ்க் கூட்டம். நாகர்கோவில், தென்காசி, ராஜபாளையம். பெரியத்தை அங்கே சட்டென்று இளமையாகிவிட்டாள். நர்சுகளோடு மலையாளம். சீட்டு கொடுக்கிறவரோடு மலையாளம். பக்கத்துப் பெஞ்சில் விழித்துக்கொண்டிருந்த கடையநல்லூர் தம்பதிக்கு எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கேட்டுச் சொன்னாள். டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, "வேதனையுண்டோ?" என்று கேட்டார். இல்லை என்றாள். விரலால் அழுத்திக் கேட்டார். இல்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே மூன்றாவது தடவையும் கேட்டார். "இல்லையே, ஒரு வேதனையும் இல்லை" என்று சந்தோஷமாகச் சொன்னாள். டாக்டர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். வலித்திருந்தால் முன்னாலேயே வந்திருப்போமே என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

சதை எடுத்தார்கள், ரிப்போர்ட் வந்தது. மெலனோமா. அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் மெலனினைத் தயாரிக்க உடம்பில் தனி செல்கள் இருக்கின்றன. தோலில் மட்டும் இல்லை, வாய், மூக்கு, குடலின் கடைசிப் பகுதி என்று ஈரச் சவ்வுகளிலும் உண்டு. அந்தச் செல்கள் நெறிகெட்டுப் பெருகுவதுதான் இந்த நோய். வெள்ளைக்காரர்களுக்கு வெயில் பட்டுத் தோலில் வருகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அபூர்வம். வந்தால் உள்ளங்கால், நகத்தடி, வாய் என்று வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வருவதே அதிகம். ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்து, 1981இல் முப்பத்தாறு வயதில் அவரைக் கொண்டுபோனது இதே மெலனோமாதான். வாயில் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். வந்தால் பெரும்பாலும் மேல்வாயிலும் மேல் ஈறிலும். சிலருக்குக் கறுப்பாகக்கூட இருக்காது, வெறும் சிவப்புக் கட்டியாக இருந்து ஏமாற்றும். விசித்திரம் என்னவென்றால், மனிதருக்கு இத்தனை அபூர்வமான இது நாய்களுக்கு வாயில் வரும் கொடிய கட்டிகளில் முதலிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் நாய்களின் வாய் மெலனோமாவுக்கென்றே ஒரு தடுப்பூசி மருந்துக்கு 2010இல் முழு அனுமதி கொடுத்தார்கள்.

இன்னொரு சங்கதியைப் பின்னாளில் ஒரு டாக்டர் நண்பர் சொல்லித் தெரிந்துகொண்டேன். புற்றுநோய்களை முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று படிப்படியாகப் பிரிப்பார்கள் இல்லையா? வாய், மூக்குச் சவ்வில் வரும் மெலனோமாவுக்கு, உலகமெங்கும் டாக்டர்கள் கையாளும் அமெரிக்க அளவுகோலில் முதல் இரண்டு படிகளே கிடையாது. கடுகளவு இருந்தாலும் கணக்கு மூன்றில்தான் ஆரம்பிக்கும். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஆடியில் பார்த்திருந்தாலும் மூன்றுதானே என்று. அந்த ஆறுதல் தப்பு. சுண்டுவிரல் நகத்தளவில் எடுப்பதும் மாதக்கணக்கில் வளரவிட்டு எடுப்பதும் ஒன்றா?

அன்றைக்கு இருந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: சுற்றிலும் நல்ல சதையோடு, எலும்போடு சேர்த்து எடுத்துவிடுவது. பின்பு கதிர்வீச்சு. அதற்கும் இந்த நோய் எளிதில் மசியாது என்றே சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெரியத்தை டாக்டரிடம் தன் வெற்றிலை பாவத்தையெல்லாம் சொல்லி அழுதாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இது வெற்றிலையால் வந்ததில்லை அம்மே, புகையிலையால் வருவது வேறு ஜாதி, இதற்குக் காரணம் யாருக்கும் தெரியாது என்று மலையாளத்தில் சொன்னார். பெரியத்தை அழுகையை நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ மூணு மாசமா நான் வெத்திலையை விட்டது சும்மாவாலே?"

அந்த வார்டில் அத்தனை பேரும் சிரித்தார்கள். டாக்டரும்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிட வேண்டாம். டாக்டர் சொன்ன அந்த 'வேறு ஜாதி'தான் அந்த வராந்தாவில் நான் பார்த்த வாய்களில் பெரும்பாலானவற்றைத் தின்றிருந்தது. கன்னத்தில் ஓட்டையோடு உட்கார்ந்திருந்தவர்களை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். புகையிலை சேர்த்த வெற்றிலையைத்தான் ரொம்ப நாள் குற்றம் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும்கூடப் புற்றை உண்டாக்கும் என்று எழுதிவிட்டார்கள்.

இடது மேல்தாடையின் பாதி போயிற்று. மேல்வாயில் ஒரு பெரிய ஓட்டை. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே சுவர் இல்லை. ஆபரேஷன் அறையிலேயே தற்காலிகமாக ஒரு தகடு வைத்து அடைத்திருந்தார்கள். அதைக் கழற்றிச் சுத்தம் செய்த முதல் நாள் பெரியத்தை ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், அது மூக்கு வழியாக வந்தது. பேசினாள், ஒன்றும் புரியவில்லை. எல்லாக் காற்றும் மூக்கில் போயிற்று. நர்ஸ் ஏதோ கேட்க அவள் மலையாளத்தில் பதில் சொன்னாள். நர்ஸுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து நாள் வாயே திறக்கவில்லை. ஓட்டையைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நுனிநாக்கு மேல்வாயை வருட வேண்டும் என்று தொல்காப்பியம் பிறப்பியலில் இருக்கிறது. கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தது. வருடுவதற்கு ஒரு மேல்வாய் வேண்டுமே என்பது அந்த வார்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

பக்கத்திலேயே பல் மருத்துவக் கல்லூரி. ஓட்டைக்கு மெழுகால் அச்செடுத்து, செட்டுப் பல்லோடு சேர்த்து, ஓட்டைக்குள் புகுந்து அடைக்கும் குமிழ் வைத்த ஒரு தகடு செய்தார்கள். அடைப்பான் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். புண் ஆற ஆற அளவு மாறும், தகட்டையும் மாற்ற வேண்டும். மூன்று தடவை மாற்றினார்கள். அதை மாட்டிக்கொண்டால் கஞ்சி மூக்கில் ஏறாது. பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது. செட்டைக் கட்டுவது என்றால் பல் கட்டுவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தகட்டைச் செய்தவர்கள் எங்களுக்கு ஒரு மனுஷியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

'ழ' மட்டும் வரவில்லை. கதிர்வீச்சுக்காக மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். வாய் வறண்டு, புண்ணாகி, சோறு இறங்காது. அந்த நிலையிலும் விடியற்காலையில் கட்டிலில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். மழை, புழை, ஆலப்புழை, கோழிக்கோடு. வருவதெல்லாம் 'ய'வுக்கும் 'ஹ'வுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. நான் தூங்குவது போலக் கிடப்பேன். ஒரு நாள், "ஏலே, முழிச்சுத்தானே கெடக்கே. நீ சொல்லு பாப்போம், ஆலப்புழை" என்றாள். சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன், நனைந்து பழகியது ஆயிற்றே. "ம்" என்றாள்.

ஆவணியில் ஊர் திரும்பினோம். குற்றாலத்தில் சீசன் முடியும் தறுவாய். அருவிக்கரைக் கடைகளில் மங்குஸ்தான் வாங்கிவந்து அம்மா உரித்துக் கொடுப்பாள். பெரியத்தைக்கு ருசியாக இறங்கியது அது ஒன்றுதான். தெருவில் யார் விசாரிக்க வந்தாலும் "வெத்திலையால வந்தது" என்றே பேசிவிட்டுப் போனார்கள். அவளும் திருத்தி ஓய்ந்தாள். ஒரு கட்டத்தில், "ஆமா, வெத்திலைதான். நீயாவது விட்டுரு" என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பொய்யால் எங்கள் தெருவில் இரண்டு பேர் புகையிலையை விட்டார்கள்.

1994 தையில் கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. சித்திரையில் மார்பு எக்ஸ்ரேயில் புள்ளிகள். அதற்கு மேல் அன்றைக்கு எவரிடமும் மருந்து இல்லை. இருந்த கீமோவால் பெரிய பிரயோஜனம் இராது என்று அந்த டாக்டர் மறைக்காமல் சொன்னார். அப்படிச் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதைதான். ஆடி மாதம், சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். நான் டார்ச் அடித்துப் பார்த்து அணைத்ததிலிருந்து எண்ணினால் சரியாக இரண்டு வருஷம்.

இப்போது வந்திருந்தால் வேறு சில வழிகள் இருந்திருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் போட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிடும் மருந்துகள் 2011 முதல் மெலனோமாவுக்கு வரத் தொடங்கின. அந்த வழியைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தோல் மெலனோமாவில் செத்துப் பிழைத்தவர்கள் பலர். வாய் மெலனோமாவில் பலன் அதைவிடக் குறைவு, விலையோ லட்சங்களில். அதனால் இன்றைக்கும் முதல் வைத்தியம் கத்திதான், சீக்கிரம் கண்டால் சின்னக் கத்தி.

அதே ஆர்.சி.சி. பின்னாளில் செய்த ஒரு காரியத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. 1996இல் ஆரம்பித்து, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பகுதிகளில் ஏறத்தாழ 1,90,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீடுகளுக்கு ஆள் அனுப்பி வாயைப் பார்க்கவைத்தார்கள். போனவர்கள் டாக்டர்கள் இல்லை. எப்படிப் பார்க்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்கப்பட்ட, வேறு ஏதோ பாடம் படித்த பட்டதாரிகள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. அவர்கள் தேடியது பெரியத்தைக்கு வந்ததை இல்லை, அந்த 'வேறு ஜாதி'யை. ஆனாலும் டிகிரி முடித்த பையன் ஒருவன், ஒரு வாய், நல்ல வெளிச்சம், எதைப் பார்க்கிறோம் என்ற தெளிவு. அந்த ஆடி மத்தியானம் இதில் கடைசி ஒன்றுதான் இல்லாமல் போயிற்று.

உங்கள் வீட்டில் செட்டுப் பல் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால், இன்று ராத்திரி அவர்கள் செட்டைக் கழற்றியதும் மேல்வாயில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈறைத் தூக்கிப் பாருங்கள். கறுப்பாக ஏதாவது கண்ணில் பட்டால், அது என்ன கறை என்று அவர்களிடம் கேட்காதீர்கள், ஏதாவது ஒரு பழத்தின் பேரைச் சொல்வார்கள். மறுநாளே பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.